தக்கலை மொட்டை மாடியில் முப்பரிமாண வானம்

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாள் முழுக்க ஒரு எண் கூடவே இருக்கும். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரம். தொழிலில் அதைப் பி.டி. என்போம். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் வரும். ஃப்ரேமுக்கு லென்ஸ் வெட்ட அது வேண்டும். ஆனால் எனக்கு அந்த எண்மேல் பிரியம் வந்ததற்குக் காரணம் வேறு. உலகம் நமக்கு ஆழமாகத் தெரிவதில் பெரும்பங்கு அந்த 63 மி.மீ. இடைவெளிக்குத்தான். இடது கண்ணுக்குக் கிடைக்கும் படமும் வலது கண்ணுக்குக் கிடைக்கும் படமும் கொஞ்சம் விலகியிருக்கும். அந்த விலகலை மூளை தூரமாக மாற்றிக்கொள்கிறது.

அந்த இடைவெளி எவ்வளவு தூரம் வரைக்கும் உதவும்? நல்ல இரண்டு கண் உள்ளவர் 20 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு விகலை) அளவு விலகலைக்கூடக் கண்டுபிடிப்பார் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி சுமார் 650 மீட்டர். அதற்கு அப்பால் இரண்டு கண்ணும் ஒரே படத்தைத்தான் பார்க்கின்றன. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து வேளிமலை தெரியும். எது முன்மலை, எது பின்மலை என்று நான் சொல்லிவிடுவேன். ஆனால் அதைச் சொல்ல வைப்பது மூட்டமும் நிழலும் பழக்கமும்தான், என் இரண்டு கண்ணின் இடைவெளி அல்ல. மலைக்கே இந்தக் கதி என்றால் வானத்துக்கு என்ன சொல்ல? நிலா, வியாழன், கார்த்திகை எல்லாம் ஒரே கூரையில் ஒட்டிக் கிடக்கின்றன.

அதைப் பிரித்தெடுத்து, நிலாவை உருண்டையாக, நட்சத்திரங்களை அதற்குப் பின்னால் ஆழத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான், இடது கண்ணுக்கு ஒன்று வலது கண்ணுக்கு ஒன்று என்று இந்த ஜோடிப் படங்களை எடுக்கத் தொடங்கினேன். என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, ஒரு பழைய கேனன் கேமரா, கோள்களை வீடியோ எடுக்க ஒரு சின்னக் கேமரா, நட்சத்திரத்தோடு கேமராவைத் திருப்பும் ஒரு டிராக்கர். இந்த வேலைக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது இடைவெளி மட்டும்தான். முட்டத்திலிருந்து கண்ணாடி மாற்ற வந்த வயதான மீனவர் ஒருவர் இதை எனக்கு நன்றாக விளக்கினார். கடலுக்கு அடியில் இருக்கும் பாரை, அதாவது மீன் கூடும் பாறைத் திட்டை, அவர்கள் கரையை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். "மக்ளே, அந்தக் கோவில் குருசு மலக்கொம்புல வந்து ஒட்டணும். இந்தப் பக்கம் இன்னொரு அடையாளமும் அதே மாதிரி ஒட்டுனா, கீழ பாரு கெடக்கும்" என்றார். வள்ளம் நகர நகர, கிட்டே இருக்கும் கோபுரம் தூரத்து மலைக்கு எதிரே இடம் மாறுகிறது. இடமாறு தோற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். அவருக்கு மலை தெளிவாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதால் தூரப்பார்வைக்கு அன்று கூடுதல் நேரம் எடுத்துப் பார்த்தேன்.

முப்பரிமாணப் படம் எடுப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: பொருள் இருக்கும் தூரத்தில் 30இல் ஒரு பங்கு இடைவெளி விட்டு இரண்டு படம் எடுத்தால் கண்ணுக்கு இதமான ஆழம் கிடைக்கும். நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. 30ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12,800 கி.மீ. பூமியின் விட்டம் 12,742 கி.மீ. இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நிலாவைச் சரியான ஆழத்தில் பார்க்கப் பூமி அளவு அகலமான முகம் வேண்டும், அவ்வளவுதான்.

பூமிக்கு இரண்டு ஓரத்திலும் நம்மால் நிற்க முடியாது. ஆனால் பூமி சுழல்கிறது. 12 மணி நேரத்தில் அது நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கத்தில் விடுகிறது. கன்னியாகுமரி 8 பாகை அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், கிட்டத்தட்ட முழு விட்டமும் நமக்குக் கிடைக்கிறது. பௌர்ணமியன்று மாலையில் கிழக்குக் கடலிலிருந்து நிலா ஏறியதும் ஒரு படம், மறுநாள் விடியுமுன் மேற்குக் கடலில் இறங்கப் போகும்போது ஒரு படம். இரண்டு பக்கமும் கடல் என்பதால் நம் முனையில் மலையோ கட்டடமோ மறைக்காது. அடிவானத்திலேயே எடுத்தால் காற்று நிலாவைச் சப்பையாக்கிவிடும், 20 பாகை உயரம் வரும்வரை காத்திருப்பது நல்லது. அப்போதும் சுமார் 11,800 கி.மீ. இடைவெளி கிடைக்கும். பூமியின் சுழற்சியால் மட்டும் நாம் நிலாவைப் பார்க்கும் கோணம் 1.8 பாகை அளவுக்கு மாறுகிறது.

1.8 பாகை கொஞ்சம் அடக்கமான ஆழம். நிலா உருண்டைதான் என்று தெரியும், ஆனால் கையில் எடுக்கத் தோன்றாது. கை நீட்டிப் பிடித்த ஒரு பந்தை, அதாவது 60 செ.மீ. தூரத்தில், நம் இரண்டு கண்ணும் பார்க்கும்போது இடையிலுள்ள கோணம் 6 பாகை. நான் குறிவைப்பது அந்த 6 பாகைதான். அதற்கு நிலாவே உதவுகிறது.

நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று படித்திருப்போம். முழுக்க அப்படி இல்லை. தன்னைத் தானே சுற்றுவது சீரான வேகம், பூமியைச் சுற்றுவது நீள்வட்டம் என்பதால் கூடிக் குறையும் வேகம். இரண்டும் சரியாக ஒத்துப்போகாமல் நிலா கிழக்கு மேற்காக ஏறத்தாழ 8 பாகை வரை இப்படியும் அப்படியும் முகம் திருப்புகிறது. அதன் அச்சு சாய்ந்திருப்பதால் வடக்கு தெற்காகவும் 6 பாகைக்குமேல் தலையாட்டுகிறது. லிப்ரேஷன் என்பது இதன் பெயர். இதனால்தான் காலப்போக்கில் நிலாவின் 59 சதவீதத்தை நம்மால் பார்க்க முடிகிறது. வாரன் டி லா ரூ என்ற ஆங்கிலேயர் 1850களின் இறுதியிலேயே இதைப் பயன்படுத்தி நிலாவின் ஜோடிப் படங்களை எடுத்துவிட்டார். அன்று கண்ணாடித் தகட்டில் அவர் செய்ததை இன்று யாரும் மொட்டை மாடியில் செய்யலாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது வெளிச்சம். இரண்டு படத்திலும் நிலாவின் பிறை அளவு ஒன்றாக இருக்க வேண்டும். நிழல்கள் வேறாக இருந்தால் ஒரு கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிவது இன்னொரு கண்ணுக்குத் தெரியாது, மூளை இரண்டையும் ஏற்க மறுத்துவிடும். ஆகவே அடுத்தடுத்த இரவுகள் உதவாது, அடுத்தடுத்த மாதங்களில் அதே பிறை வேண்டும். இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பிறைச் சுழற்சி 29.53 நாள். நிலா பூமிக்கு மிக அருகில் வந்து திரும்பவும் அதே அருகாமைக்கு வர 27.55 நாள். 14 பிறைச் சுழற்சியும் 15 அருகாமைச் சுழற்சியும் ஏறக்குறைய ஒன்றே, 413 நாள். அதில் பாதி ஏழு மாதம். ஒரு பௌர்ணமியில் நிலா முழுக்கக் கிழக்கே திரும்பியிருந்தால், ஏழு பௌர்ணமி கழித்து முழுக்க மேற்கே திரும்பியிருக்கும்.

எந்தப் பௌர்ணமியில் தொடங்குவது? செய்தித்தாளில் சூப்பர்மூன் என்று வருகிறதே, அதிலிருந்து மூன்று நான்கு மாதம் தள்ளிய பௌர்ணமி. சூப்பர்மூன் அன்று லிப்ரேஷன் கிழக்கு மேற்காகச் சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தள்ளிய மாதத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும், தூரமும் நடுத்தரமாக இருக்கும். ஏழு மாதம் கழித்து வருவதும் அதே நடுத்தரத் தூரம் என்பதால் இரண்டு படத்திலும் நிலாவின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைந்துவிடும். மற்றபடி நிலாவின் அளவு மாதத்துக்கு மாதம் கண்ணில் படும்படி மாறும், அதை ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. தை, மாசியில் வானம் சுத்தம். அதிலிருந்து ஏழு மாதம் தள்ளினால் ஆவணி, புரட்டாசி வருகிறது. தென்மேற்கு ஓய்ந்து வடகிழக்கு தொடங்காத அந்த நடுவில் மேகம் விலகும் இரவுகள் கிடைக்கும். உச்சத்தையே பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. உச்சத்துக்கு உச்சம் 14, 15 பாகை வந்துவிடும், அதைப் பார்த்தால் நிலா நம்மை நோக்கிக் கூம்பி நீளும். 6லிருந்து 8 பாகை போதும். நாசாவின் இணையப் பக்கத்தில் ஆண்டு முழுக்க மணிக்கு மணி லிப்ரேஷன் எவ்வளவு என்று கிடைக்கிறது, ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபட மென்பொருளிலும் பார்க்கலாம்.

எது எந்தக் கண்ணுக்கு என்பதை நான் மேரே கிரிசியத்தை வைத்து முடிவு செய்வேன். வடக்கு மேலே இருக்கும்படி வைத்தால் நிலாவின் வலது ஓரத்தில் தனியாகத் தெரியும் அந்தக் கருப்பு நீள்வட்டம். ஒரு படத்தில் அது ஓரத்தோடு ஒட்டி ஒல்லியாக இருக்கும். இன்னொன்றில் ஓரத்திலிருந்து விலகி உள்ளே வந்து, அதற்கு அப்பால் வேறு கருந்திட்டுகளும் எட்டிப் பார்க்கும். வலது பக்கத்தை அதிகம் பார்ப்பது வலது கண், ஆகவே உள்ளே வந்த படம் வலது கண்ணுக்கு. மாற்றி வைத்தால் நிலா குழிந்து ஒரு கிண்ணமாகிவிடும். முகம் திரும்பிய திசை சரியாகக் கிழக்கு மேற்காக இல்லாமல் சாய்வாக இருந்தால், அந்தச் சாய்வு கிடைமட்டமாகும்வரை இரண்டு படத்தையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். நம் கண்கள் பக்கவாட்டில்தானே இருக்கின்றன. இந்தப் பொருத்தல் வேலைக்கு ஸ்டீரியோ ஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் போதும்.

இதெல்லாம் தனியாகச் செய்வது. நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. என் சித்தப்பா மகன் துபாயில் இருக்கிறான். தக்கலைக்கும் துபாய்க்கும் சுமார் 3,000 கி.மீ. பூமியின் விட்டத்தோடு பார்த்தால் சின்ன இடைவெளிதான், ஆனால் பின்னால் நட்சத்திரம் இருந்தால் கதையே மாறுகிறது. இந்தச் சில ஆண்டுகளாக நிலா மாதந்தோறும் கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டியோ மறைத்தோ போகிறது, 2029 வரை இப்படித்தான். பங்குனியில் வளர்பிறை நாலு அல்லது ஐந்தாம் நாள் கார்த்திகைக்குப் பக்கத்தில் வரும்போது, பிறையின் இருண்ட பகுதியும் பூமியின் ஒளியில் மங்கலாகத் தெரியும். நமக்கு இரவு 8:45, அவனுக்கு 7:15. அங்கேயும் இருட்டிவிடும், இங்கேயும் நிலா மேற்கே தாராளமான உயரத்தில் இருக்கும்.

இரண்டு பேரும் 135 மி.மீ. லென்ஸ். அலைபேசியில் பேசிக்கொண்டே, "அக்கா, ரெடியா?" என்று அவன் கேட்க, ஒரே நேரத்தில் அமுக்கினோம். நிலா ஒரு மணி நேரத்தில் தன் அகலம் அளவு நட்சத்திரங்களுக்கு எதிரே நகரும், ஆகவே சில நொடி முன்பின் ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஐஎஸ்ஓ 800, 2 நொடி ஒன்று, பிறையின் பளிச்சென்ற பகுதிக்காக நூற்றில் ஒரு நொடி அளவில் இன்னொன்று. அவன் படம் வந்ததும் இரண்டிலும் கார்த்திகை நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். நட்சத்திரங்கள் அசையாமல் உட்கார்ந்தன. நிலா மட்டும் இரண்டாகப் பிரிந்தது, தன் அகலத்தில் பாதிக்கும் மேல் தள்ளி. தக்கலையில் அது இருந்த இடம் வேறு, துபாயில் இருந்த இடம் வேறு. பெரிய தொலைநோக்கி எதுவும் வேண்டாம், இரண்டு வீட்டு மாடியும் ஒரு ஃபோனும் போதும், நிலா நட்சத்திரங்களைவிடக் கிட்டே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

135 மி.மீ. லென்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. படத்தின் அகலத்தில் 30இல் ஒரு பங்குக்குமேல் எதுவும் விலகினால் கண் திணறும். எங்கள் கேமராவில் அந்த லென்ஸ் 9 பாகைக்குச் சற்றே அதிகமான வானத்தைக் காட்டும். நிலாவின் விலகல் 0.3 பாகை சொச்சம். கணக்கு ஒட்டி வருகிறது. ஜோடியைச் சேர்த்துப் பார்த்தபோது பிறை திரைக்கு முன்னால் வந்து நின்றது, கார்த்திகை எங்கோ பின்னால் போய்விட்டது. இதுவரை நான் எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஏனென்றால் இதில் இருக்கும் ஆழம் முழுக்க உண்மையான இடைவெளியிலிருந்து வந்தது, நான் ஒரு பிக்சலைக்கூடத் தள்ளவில்லை.

வியாழனுக்கு வருவோம். அது 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். 10 நிமிடத்தில் 6 பாகை. அதாவது ஒரு வீடியோ எடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு வீடியோ எடுத்தால் ஜோடி தயார். வடக்கு மேலே இருந்தால் மேகப்பட்டைகள் இடமிருந்து வலமாக நகரும். பிந்தி எடுத்தது இடது கண்ணுக்கு, முந்தி எடுத்தது வலது கண்ணுக்கு. நம் அட்சரேகையில் கோள்கள் நல்ல உயரத்தில் ஏறுவதால் காற்றின் நடுக்கமும் குறைவு, தை மாசியில் 8 அங்குலத்திலேயே பட்டைகளின் சுருள்கள் வரைக்கும் கிடைக்கும். பெருஞ்சிவப்புப் புள்ளி நடுவில் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தால் உருண்டை அப்படியே திரண்டு வரும்.

இங்கேதான் என்னை நிறைய யோசிக்க வைத்த ஒரு விஷயம் இருக்கிறது. வியாழனின் துணைக்கோள் ஒன்று அதன் முகத்தைக் கடக்கும்போது ஜோடிப் படம் எடுத்தால் என்ன தெரியும்? அயோ அழகாக மேகங்களுக்கு முன்னால் மிதக்கும். யூரோப்பா மேகத்தை ஒட்டிக்கொண்டு மிதக்கும். கானிமீடோ வியாழனுக்கு உள்ளே புதைந்து தெரியும்! காலிஸ்டோ இன்னும் ஆழமாகப் புதையும். உண்மையில் இருப்பதோ நேர்மாறாக. அயோதான் வியாழனுக்கு மிகப் பக்கத்தில், காலிஸ்டோ மிகத் தூரத்தில், அதாவது கடக்கும்போது நமக்கு மிகக் கிட்டே.

காரணம் வேகம். வியாழனின் நடுக்கோட்டு மேகங்கள் நொடிக்குச் சுமார் 12.6 கி.மீ. வேகத்தில் சுழல்கின்றன. அயோ 17.3, யூரோப்பா 13.7, கானிமீடு 10.9, காலிஸ்டோ 8.2. நாம் ஒரே இடத்தில் நின்று நேரத்தை மட்டும் விட்டு இரண்டு படம் எடுக்கும்போது, மூளைக்கு ஆழமாகத் தெரிவது உண்மையில் வேகம். ஒரே கட்டையாகச் சுழலும் உருண்டையில் நமக்குக் கிட்டே இருக்கும் பகுதி வேகமாகக் குறுக்கே நகரும், ஓரம் மெதுவாக நகரும், ஆகவே அங்கே வேகமும் ஆழமும் ஒன்றாகவே இருக்கின்றன. வியாழனின் உருண்டை அதனால் நம்பத்தக்கது. தனியாக ஓடும் துணைக்கோளுக்கு அந்த உறவு இல்லை. அயோவின் நிழல் மேகத்தின்மேல் விழுவதுதான், ஆனால் அது அயோவின் வேகத்தில் ஓடுவதால் நிழலும் அந்தரத்தில் மிதக்கும். கானிமீடு கடக்கும் ஜோடியில் அதைத் தனி லேயராக எடுத்து முன்னால் கொண்டுவருகிறேன். அப்படிச் செய்ததைப் படத்தின் கீழே எழுதியும் வைக்கிறேன். பார்ப்பவர் அதை அளவையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செவ்வாய்க்கு 25 நிமிட இடைவெளி விட்டால் அதே 6 பாகை. சனி இந்த வழியில் பிடிகொடுக்காது. முகத்தில் அடையாளம் குறைவு, வளையம் சுழன்றாலும் ஒரே மாதிரியே இருக்கும்.

சூரியன் ஒரு நாளுக்கு 13 பாகை திரும்புகிறது, ஆகவே காலை 7 மணிக்கு ஒன்று, மாலை 5 மணிக்கு ஒன்று எடுத்தால் புள்ளிகள் உருண்டையில் வளைந்து உட்காரும். இதில் தொழில்முறையாக ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொலைநோக்கியின் முன்வாயில் சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி இல்லாமல் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், புகையேற்றிய கண்ணாடி எதுவும் பாதுகாப்பில்லை. விழித்திரையின் நடுப்புள்ளி வெந்தால் வலிக்காது, அதனால்தான் ஆபத்து. அப்படி வெந்துபோன கண்ணுக்கு எந்தப் பவர் போட்டாலும் நடு எழுத்து தெரியாது. அதைப் பரிசோதனை நாற்காலியில் பார்த்தவள் சொல்கிறேன்.

வால்நட்சத்திரம் வந்தால் சுலபம். நட்சத்திரங்களுக்கு எதிரே அது ஓடுவதால் அரை மணி நேர இடைவெளியே போதும், வாலோடு முன்னால் வந்து மிதக்கும். ஆனால் எந்தப் படத்தை எந்தக் கண்ணுக்கு வைத்தால் முன்னால் வருமோ அப்படி வைப்பது நாம்தான். திசை சரி, தூரம் பொருளில்லாதது.

நட்சத்திரங்களுக்குப் போனால் பூமியின் விட்டம் எதற்கும் காணாது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் விட்டம், ஆறு மாத இடைவெளி, அதுவும் கொஞ்சமே காட்டும். 1838இல் பெசல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் தூரத்தை இப்படித்தான் அளந்தார். அதே 1838இல்தான் வீட்ஸ்டோன் லண்டனில் ஸ்டீரியோஸ்கோப்பை அறிவித்தார், இரண்டு கண்ணின் இரண்டு படத்திலிருந்து ஆழம் பிறக்கிறது என்று நிறுவினார். ஒருவர் 63 மி.மீ. இடைவெளியில், மற்றவர் 30 கோடி கி.மீ. இடைவெளியில், இரண்டும் ஒரே வடிவக்கணிதம். 2020 ஏப்ரலில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் சுமார் 700 கோடி கி.மீ. தள்ளியிருந்து நமக்குப் பக்கத்து நட்சத்திரங்களான ப்ராக்ஸிமா செண்டாரியையும் வுல்ஃப் 359ஐயும் படமெடுத்து அனுப்பியது. பூமியிலிருந்து எடுத்ததோடு ஜோடி சேர்த்தால் இரண்டும் மற்ற நட்சத்திரங்களிலிருந்து பிரிந்து வெளியே வருகின்றன. இன்றுவரை மனிதர்கள் பார்த்த மிக அகலமான இரட்டைக் கண் பார்வை அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் கேமராவுக்கு அதெல்லாம் எட்டாது. ரோகிணி 65 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஆறு மாத இடைவெளியில் அது நகர்வது, 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலில் 60இல் ஒரு பங்கு. ஆகவே இங்கே பெருக்கித்தான் காட்ட முடியும். ஆனால் பெருக்குவதிலும் நேர்மை உண்டு. ரோகிணியைச் சுற்றி 'வி' வடிவில் இருக்கும் ஹையடீஸ் கூட்டம் சுமார் 150 ஒளியாண்டு. பார்க்கும்போது ரோகிணி அந்தக் கூட்டத்தின் தலைவி என்றே தோன்றும், உண்மையில் பாதி வழியில் தனியாக நிற்கிறாள். கார்த்திகை ஏறத்தாழ 440. ரோகிணியை 40 பிக்சல் நகர்த்தினால் ஹையடீஸை 17, கார்த்திகையை 6, பின்னணியை சுழியம். தூரத்துக்கு எதிர்விகிதம், அவ்வளவுதான் விதி. கையா விண்கலம் 180 கோடி நட்சத்திரங்களுக்குமேல் பட்டியலிட்டுத் தந்திருக்கிறது, பெரும்பாலானவற்றுக்கு இடமாறு தோற்றமும் சேர்த்து. விருப்பமுள்ளவர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். அப்படிச் செய்த படத்தில் ரோகிணி கூட்டத்தை விட்டு விலகி முன்னால் வருவதைப் பார்த்தபோது, சின்ன வயதிலிருந்து பார்த்த அந்த 'வி' இனி எனக்குப் பழைய மாதிரி தெரியவே இல்லை.

நெபுலாக்கள், அதாவது விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள் விஷயத்தில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. வெளிச்சமானதெல்லாம் கிட்டே, மங்கலானதெல்லாம் தூரே என்று கணினியிடம் விட்டு ஆழம் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. அது நெபுலாவைப் பற்றி எதுவும் சொல்லாது. நிச்சயமாகத் தெரிந்தவை சில உண்டு: ஒளிரும் வாயுவின்மேல் கருப்பாகத் தெரியும் தூசி அதற்கு முன்னால்தான் இருந்தாக வேண்டும், குதிரைத்தலை நெபுலா அப்படித்தான். வாயுவைக் குடைந்து ஒளிரச் செய்யும் நட்சத்திரக் கூட்டம் அந்தக் குழிவுக்குள் இருக்க வேண்டும். பின்லாந்தின் ஜே.பி. மெட்சவைனியோ இப்படிப்பட்ட தடயங்களை வைத்துத்தான் தன் படங்களுக்கு ஆழம் அமைக்கிறார், அதனால்தான் அவை மனதில் நிற்கின்றன. முட்டத்துக் கடற்கரையிலிருந்து தெற்கே கடல்மேல் கரீனா நெபுலா 20 பாகைக்குமேல் ஏறும். வட இந்தியாவில் இருப்பவர்கள் ஏங்கும் காட்சி. அதை எடுத்து இதே முறையில் செய்தேன். என் ஆல்பத்தில் 'அளந்த ஆழம்', 'ஊகித்த ஆழம்' என்று இரண்டு பகுதி, அது இரண்டாவதில் இருக்கிறது.

பார்ப்பது எப்படி என்று கேட்பார்கள். கண்ணை ஒன்றரையாக்கிப் பார்க்கும் வித்தை எல்லோருக்கும் வராது, கட்டாயப்படுத்தவும் மாட்டேன். அச்செடுத்தால் இரண்டு நிலாவின் மையங்களுக்கு நடுவே 60 மி.மீ.க்குமேல் போகக் கூடாது. அதற்குமேல் போனால் கண்கள் வெளிப்பக்கமாக விலக வேண்டியிருக்கும், கண்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, தலைவலிதான் மிச்சம். கடையிலுள்ள +5.00 சோதனை லென்ஸ் இரண்டை அட்டைப்பெட்டியில் பொருத்தி, 20 செ.மீ. தள்ளி அச்சை வைத்தால் அருமையான பார்வைப்பெட்டி. சிவப்பு, நீலப்பச்சைக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் நான்கு புள்ளிச் சோதனைக்கு நாங்கள் வைத்திருக்கும் சிவப்பு பச்சைக் கண்ணாடியே உதவும். ஒன்று மட்டும் கவனம்: அந்தச் சோதனையில் சிவப்பு வலது கண்ணுக்கு, முப்பரிமாணப் படத்தில் சிவப்பு இடது கண்ணுக்கு. திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு ஆழப் பார்வை சோதிக்க ஒரு பெரிய ஈயின் படம் உண்டு. "இறக்கையைப் பிடி" என்போம். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் பிள்ளையின் விரல்கள் காகிதத்துக்கு மேலே காற்றில் கிள்ளும். ஒரு கண் சோம்பேறியாக இருக்கும் பிள்ளை காகிதத்தையே தொடும். அக்காள் மகளிடம் நிலா ஜோடியைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தபோது அவள் விரல் நேராகக் கிரிசியத்துக்கு எதிரே காற்றில் போய் நின்றது. அந்தச் சோதனையில் தேறாத சில பிள்ளைகள் கடைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் படங்களை இரண்டாக மாற்றி மாற்றி ஆடவிட்டுக் காட்டுகிறேன். அசைவில் உருண்டை ஒற்றைக் கண்ணுக்கும் புரியும், நிலா தலையாட்டுவதைப் பார்த்து அவர்களும் தலையாட்டுகிறார்கள்.

வரும் பங்குனிப் பிறைக்கு இடைவெளியை இன்னும் பெரிதாக்க ஆசை. தம்பியோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறாராம், அவரிடம் பேசச் சொல்லியிருக்கிறேன். நீங்களோ உங்கள் வீட்டு ஆட்களோ அந்தப் பக்கம் இருந்து, 100 மி.மீ.க்குமேல் ஒரு லென்ஸும் ஒரு முக்காலியும் வைத்திருந்தால் சேர்ந்துகொள்ளலாம். இந்திய நேரம் இரவு 8:45. பிறை கார்த்திகையை நெருங்கும் தேதியை ஸ்டெல்லேரியத்தில் முந்தின நாளே பார்த்துவிட்டு, கேமராக் கடிகாரத்தை ஃபோன் நேரத்தோடு பொருத்தி வையுங்கள்.